மெஷின் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: ஈசிஜி தாளின் மேல்பக்கத்தில் மெஷின் தானாக அச்சடித்துத் தரும் அந்த இரண்டு மூன்று வரிகள். சிலருக்கு அந்த வரி பயம். சிலருக்கு அதுவே நிம்மதி. ஒரு வீட்டில் அந்த நிம்மதி ஒன்றரை நாள்தான் நீடித்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பகுதியையும் இதற்கே கொடுக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைச் சேர்க்கவில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுத்தார்கள். தாளின் மேலே ‘செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட்’ என்று அச்சாகி இருக்கிறது. தேடிப் பார்த்தால் ‘பழைய மாரடைப்பு’ என்று வருகிறது. எனக்கே தெரியாமல் மாரடைப்பு வந்து போய்விட்டதா? மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, டாக்டர்.

பதில்: முதலில் அந்த ‘ஏஜ்’. அது உங்கள் வயது இல்லை. ‘இதயத்தின் நடுச்சுவரில் ஒரு தழும்பு இருக்கலாம், அது எப்போது வந்தது என்று தெரியவில்லை’ என்பதுதான் அந்த வரியின் பொருள். இதில் ‘இருக்கலாம்’ முக்கியம். மெஷின் அதை அச்சடிப்பதில்லை, நாமாகத்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த வரி எப்படி வருகிறது என்று சொல்கிறேன். மார்பில் வைக்கும் ஆறு எலக்ட்ரோடுகளில் முதல் இரண்டு வி1, வி2. அங்கே ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் மேல்நோக்கி ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே உயிருள்ள தசை இல்லையோ என்று புரோகிராம் சந்தேகப்படும். ஆனால் தசை நன்றாக இருந்தும் அந்த மேடு காணாமல் போக மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. எலக்ட்ரோடை ஒன்றிரண்டு விலா எலும்பு மேலே ஒட்டிவிடுவதுதான் அது.

வி1, வி2 இருக்க வேண்டிய இடம் நெஞ்செலும்பின் இரு பக்கமும், நான்காவது விலா இடைவெளி. கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு சின்ன முட்டு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. இன்னும் இரண்டு இடைவெளி இறங்க வேண்டும். அவசரத்தில் யாரும் எண்ணுவதில்லை. பெண்களுக்கு எடுக்கும்போது கூச்சத்தை மதித்து மேலேயே ஒட்டிவிடுவதும் நடக்கிறது. அதனால் இந்த வரியோடு என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் செய்வது, நானே விலாவை எண்ணி ஒட்டி இன்னொரு ஈசிஜி எடுப்பது. பல தாள்களில் ‘மாரடைப்பு’ அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது.

சரியாக ஒட்டியும் அதே வரி வந்தால் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுங்கள். சுவர் அசைகிறதா இல்லையா என்று நேரில் பார்த்துவிடலாம். வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்தத் தாளை மறைக்காமல் காட்டுங்கள். இதே வரி, 65 வயதில் சர்க்கரை நோயும் நடந்தால் மூச்சு வாங்குவதுமாக இருக்கும் ஒருவருக்கு வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த வித்தியாசம் மெஷினுக்குத் தெரியாது. அதற்கு உங்களைப் பற்றிக் கொடுக்கப்பட்டது வயதும் பாலினமும்தான். சில நேரம் அதைக்கூட யாரும் டைப் செய்வதில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு அழுத்தம். உடனே அழைத்துப் போனோம். ஈசிஜியில் ‘நார்மல் ஈசிஜி’ என்று தெளிவாக அச்சாகி இருந்தது. ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றரை நாள் கழித்து பெரிய அட்டாக். உயிர் பிழைத்தார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. மெஷின் பொய் சொன்னதா?

பதில்: உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்குப் பதிலாக அதன் வரியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். சாதாரண ஈசிஜி பதிவு செய்வது அதில் 10 விநாடி. அந்த 10 விநாடியில் மின்னோட்டம் எப்படிப் போனது என்று அது சொல்லும். ரத்தக்குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது, அந்த அடைப்பின் மேல் ரத்தக்கட்டி எப்போது உருவாகும் என்பது அந்தத் தாளில் இல்லை. அடைப்பு இருந்தும், அந்த நிமிடம் தசைக்குப் போதுமான ரத்தம் போய்க்கொண்டிருந்தால் கோடு அழகாகவே வரும்.

இன்னொன்று, 12 லீட், அதாவது 12 கோணங்களில் எடுக்கும் ஈசிஜியும் இதயத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பதில்லை. மார்பு எலக்ட்ரோடுகள் முன்பக்கத்தையும் இடது பக்கத்தையும் பார்க்கின்றன, கை கால் எலக்ட்ரோடுகள் கீழ்ச்சுவரைப் பார்க்கின்றன. பின்சுவரை நேராகப் பார்க்க அதில் கண் இல்லை. அங்கே அடைப்பு வந்தால் வி1 முதல் வி3 வரை ஒரு தலைகீழ் நிழல் மட்டும் விழும். முதுகில், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மூன்று எலக்ட்ரோடு கூடுதலாக ஒட்டினால்தான் அது நேராகத் தெரியும்.

இனி நான்கு முறை படித்ததற்கான காரணம். பல வருடங்களுக்கு முன் ஓர் இரவுப் பணியில், நாற்பதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பாரமாக இருக்கிறது என்று வந்தார். தாளின் மேலே ‘நார்மல் சைனஸ் ரிதம், நார்மல் ஈசிஜி’. காத்திருந்தவர்கள் பலர். அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். விடியற்காலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்தார், உங்கள் அப்பாவைப் போலவே இதயத்தின் ஒரு பகுதியை இழந்து. காலையில் அந்த முதல் தாளை மேஜை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வி2, வி3-இல் எஸ்டி பகுதி, அதாவது துடிப்பின் கூர்மையான மேட்டுக்கும் அதற்கடுத்த அலைக்கும் நடுவில் வரும் கோடு, அரை மில்லிமீட்டர் கீழே, தட்டையாக. பின்சுவரின் நிழல். அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் புரோகிராமின் எல்லைக்கு உள்ளே அடங்கிவிட்டது. என் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், நான் பார்த்திருந்தால். நான் படித்தது மேலே இருந்த எழுத்தை, கீழே இருந்த கோட்டை இல்லை.

நெஞ்சில் அழுத்தத்தோடு வருபவருக்கு முதல் ஈசிஜியை 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அது ஒன்றும் சொல்லாமல், தொந்தரவும் தொடர்ந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். தசை சேதமானால் அது ரத்தத்தில் ஏறும், ஆனால் ஏற நேரம் எடுக்கும். ஒரு தாளோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

அவசரப் பிரிவுகளில் ‘ஹார்ட் ஸ்கோர்’ என்று ஒரு கணக்கு போடுவார்கள். நோயாளி சொல்லும் வரலாறு, ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள் (சர்க்கரை, பிபி, புகைப்பழக்கம் போன்றவை), ட்ரோபோனின் என்று ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10. மூன்று வரை குறைந்த ஆபத்து. இதில் ஈசிஜியின் பங்கு வெறும் 2. ஈசிஜி முழுக்க நார்மலாக இருந்தும் ஒருவர் 8 வரை வாங்கலாம். உங்கள் அப்பா சொன்ன ‘அழுத்தம்’ என்ற சொல்லுக்கும் அதே 2 உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ள மெஷினுக்குக் காது இல்லை, அங்கே இருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது கொடுக்கும் மாத்திரைகளை ஒரு நாளும் விட வேண்டாம். மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுங்கள். சேதத்துக்குப் பக்கத்தில் செயலற்று நிற்கும் தசையில் ஒரு பகுதி மெதுவாக மீண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது, கைநடுக்கம் உண்டு. ஈசிஜி மெஷின் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று காட்டியதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். ஆரம்பிக்கலாமா?

பதில்: அந்தத் தாளை இதய டாக்டர் ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஒரு நாளில் முடிகிற வேலை. அவர் ஆமாம் என்றால் தயங்காமல் ஆரம்பியுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது, உண்மையாக இருந்து, மாத்திரை சாப்பிடாவிட்டால் பக்கவாதம் வரலாம்.

நடுக்கம் என்று எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன். என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது, வலது கையில் நடுக்கம். அந்த நடுக்கம் விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரும். விநாடிக்கு ஐந்து என்றால் நிமிடத்துக்கு 300. இதயத்தின் மேலறைகள் ‘ஃப்ளட்டர்’ என்ற கோளாறில் துடிக்கும் வேகமும் ஏறக்குறைய அதே 300. கையின் தசையிலிருந்து வரும் மின்னலையும் இதயத்தின் மின்னலையும் ஒரே கம்பி வழியாக வந்தால் மெஷின் என்ன செய்யும்? நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அப்பாவுக்கு அந்த மாத்திரை ஆரம்பிக்கப்பட்டிருந்தது. பதினோராம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை.

தாளை வாங்கி லீட் 3-ஐப் பார்த்தேன். ஈசிஜியை உருவாக்கிய ஐன்தோவன் நூறு வருடத்துக்கு முன் வகுத்துத் தந்த மூன்று இணைப்புகளில் முதல் இரண்டுக்கும் வலது கை வேண்டும். மூன்றாவது இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவில். அப்பாவின் நடுங்கும் கை அதில் சேராது. லீட் 1, 2 இரண்டும் ரம்பம் போலக் கிடந்தன. லீட் 3-இல் ஒவ்வொரு துடிப்புக்கு முன்னாலும் ஒரு பி அலை ஒழுங்காக நின்றது. மேலறைகள் ஒழுங்காகத் துடிக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் மாமியாருக்கு எந்தக் கை நடுங்குகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கையை உடலோடு சேர்த்து, உள்ளங்கை கீழே அழுந்தியிருக்கும்படி படுக்கவைத்து, எலக்ட்ரோடைத் தோளுக்கு அருகில் ஒட்டி இன்னொரு முறை எடுக்கலாம்.

இது எங்கள் வீட்டோடு நின்ற கதை இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், மெஷின் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று குறித்த 2,298 ஈசிஜிகளை வல்லுநர்கள் திரும்பப் பார்த்தார்கள். 442 தவறு, அதாவது 19 சதவீதம். அந்தத் தவறான தாள்கள் 382 நோயாளிகளுடையவை. அவர்களில் 92 பேருக்கு டாக்டரும் தவறைத் திருத்தவில்லை. 39 பேருக்குத் தேவையில்லாத மருந்தே கொடுக்கப்பட்டது. என்னை உறுத்துவது அந்த 92. 442 மெஷினின் கணக்கு, 92 எங்களுடைய கணக்கு.

கேள்வி: நான் கணினிப் பொறியியல் மாணவன். ஈசிஜி என்பது வெறும் சிக்னல்தானே? இவ்வளவு வருடத்தில் மெஷின் டாக்டரை முந்தியிருக்க வேண்டாமா?

பதில்: உங்கள் துறைக்காரர்கள் 1950-களின் கடைசியிலேயே இதில் இறங்கிவிட்டார்கள். ஆக, இது புதுக் குழந்தை இல்லை. 1991-இல் நேருக்கு நேர் ஒரு ஒப்பீடு வெளியானது: 9 புரோகிராம்கள், 8 இதய டாக்டர்கள், 1,220 ஈசிஜிகள். எக்கோ, ஆஞ்சியோ போன்ற வேறு சோதனைகளால் நோய் என்ன என்று ஏற்கெனவே உறுதியானவை. சரியாகச் சொன்னதில் புரோகிராம்களின் நடுமதிப்பு 69.7 சதவீதம், டாக்டர்களுடையது 76.3. சிறந்த புரோகிராம்கள் சிறந்த டாக்டருக்கு மிக அருகில் வந்தன.

இதை டாக்டர்களின் வெற்றியாக நான் படிப்பதில்லை. ஈசிஜியை மட்டும் கையில் கொடுத்தால் தேர்ந்த இதய டாக்டரும் நான்கில் ஒன்றைத் தவறவிடுகிறார் என்றே படிக்கிறேன். அந்த எல்லை தாளினுடையது.

மெஷின் எங்களைவிட நன்றாகச் செய்பவை உண்டு. துடிப்பு வேகம், இடைவெளிகளின் அளவு, சோர்வில்லாத கவனம். அதிகாலை மூன்று மணிக்கும் அது ஒரே மாதிரி அளக்கும். நான் அளக்க மாட்டேன். தடுமாறுவது தாளம் தப்பும் நோய்களிலும், பேஸ்மேக்கர் வைத்தவர்களிடத்திலும். அளவுகளிலும் ஒரு எச்சரிக்கை தேவை. க்யூடி இடைவெளியை, அதாவது இதயத்தின் கீழறைகள் துடித்து ஓய எடுக்கும் நேரத்தை, துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்த, பாசெட் என்பவர் 1920-இல் தந்த சூத்திரத்தைத்தான் பல மெஷின்கள் இன்னும் பயன்படுத்துகின்றன. துடிப்பு வேகமாக இருந்தால் அது இடைவெளியை நீட்டிக் காட்டிவிடும். காய்ச்சலோடு, படபடப்போடு வந்தவருக்கு ‘க்யூடி நீண்டிருக்கிறது’ என்று வந்தால், காய்ச்சல் இறங்கியபின் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்பேன்.

கேள்வி: ஈசிஜியை வைத்து ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறப்பாரா என்றுகூட செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுகிறதாமே? உண்மையா? எனக்கு அப்படி ஒரு மதிப்பெண் வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: பழைய புரோகிராமும் இதுவும் வேறு. பழையது நாங்கள் எழுதிக்கொடுத்த விதிகளைப் பின்பற்றும். இந்த மேடு இவ்வளவு உயரம் என்றால் இந்த நோய், அவ்வளவுதான். புதியதற்கு யாரும் விதி கொடுப்பதில்லை. லட்சக்கணக்கான ஈசிஜிகளையும், அந்த நோயாளிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் காட்டிவிடுகிறார்கள். அது தானே கற்றுக்கொள்கிறது. எங்கள் கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்றை அது பார்க்கிறது என்பதை இப்போது நான் நம்புகிறேன். ஈசிஜியை மட்டும் வைத்து ஒருவரின் வயதைச் சராசரியாக ஏழு ஆண்டு வித்தியாசத்தில் அது கணித்துவிடுகிறது. என்னால் முடியாது.

நீங்கள் கேட்டது 2020-இல் வெளியானது. அமெரிக்காவின் கைசிங்கர் மருத்துவமனைகளில் 2,53,397 நோயாளிகளின் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈசிஜிகள். ஒரு வருட மரணத்தைக் கணிப்பதில் 0.88 மதிப்பெண். டாக்டர்கள் நார்மல் என்று படித்த தாள்களிலும் 0.85.

இந்த 0.88-ஐ எல்லோரும் ‘100-இல் 88 சரி’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது இல்லை. ஒரு வருடத்துக்குள் இறந்த ஒருவர், இறக்காத ஒருவர் என்று ஒரு ஜோடி எடுங்கள். அப்படி 100 ஜோடி. அதில் 88 ஜோடிகளில் இறந்தவருக்குக் கூடுதல் ஆபத்து என்று அது சொல்லியிருக்கும். வரிசைப்படுத்துவதில் கெட்டிக்காரத்தனம், அவ்வளவே. ஒரு 80 வயதுக்காரரையும் ஒரு 30 வயதுக்காரரையும் ஜோடியாகக் கொடுத்தால் ஈசிஜியே இல்லாமல் நீங்களும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். வயதைப் படிக்கத் தெரிந்த இயந்திரத்தின் மதிப்பெண்ணில் ஒரு பங்கு அப்படி வந்ததாகத்தான் இருக்கும். இன்னொன்று, அவர்கள் எல்லோரும் ஏதோ காரணத்தால் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தவர்கள். தெருவில் நடந்துபோகும் ஒருவருக்கு அதே எண் அதே பொருளைத் தராது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்துவிட்டதா என்று ஈசிஜியிலேயே கண்டுபிடிக்கும் ஒரு கருவியை மேயோ கிளினிக் 2019-இல் வெளியிட்டது. நோய் உள்ளவர்களில் 86.3 சதவீதத்தைப் பிடிக்கும். இல்லாதவர்களில் 85.7 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். நல்ல எண்கள். சரி, ஆயிரம் பேரை நிறுத்துங்கள். அவர்களில் 20 பேருக்கு உண்மையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். 17 பேரைப் பிடிக்கும், மூன்று பேர் தப்பிவிடுவார்கள். மீதி 980 பேரில் சுமார் 140 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 157 மணி, அதில் உண்மை 17. ஒன்பதில் ஒன்று.

இதைக் கேட்டு அந்தக் கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். இங்கே மணி அடித்தால் அடுத்துச் செய்வது ஒரு எக்கோ. 140 பேர் தேவையில்லாமல் எக்கோ எடுத்தாலும் யாருக்கும் காயமில்லை, 17 பேருக்கு முன்கூட்டியே மருந்து கிடைக்கும். மணி தவறாக அடித்தவர்களுக்கும் பின்னாளில் பம்ப் பலவீனமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று அதே ஆய்வில் தெரிந்தது. ஆனால் என் அப்பாவுக்கு நடந்ததுபோல, மணி அடித்ததும் நேராக ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்குப் போனால் ஒன்பதில் ஒன்று என்பது பயங்கரமான கணக்கு. ‘எவ்வளவு துல்லியம்?’ என்பதோடு ‘இது மணி அடித்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?’ என்றும் கேளுங்கள்.

அப்படி அடுத்த வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டார்கள். தைவானில் 15,965 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் ஈசிஜி ஆபத்தானது என்று இயந்திரம் சொன்னதும் டாக்டருக்கு எச்சரிக்கை போகும்படி செய்தார்கள். 90 நாளில் எச்சரிக்கை இல்லாத பிரிவில் 4.3 சதவீதம் பேர் இறந்தார்கள், எச்சரிக்கை போன பிரிவில் 3.6. வெளியானது 2024-இல். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் எண் இதுதான். இயந்திரம் எண்ணைக் கொடுத்தது, அதைப் பார்த்த டாக்டர் படுக்கைக்குப் போய் நோயாளியைக் கவனித்தார், உயிர்கள் மிஞ்சின.

உங்களுக்கு உயர்ந்த மதிப்பெண் வந்தால் அது உங்கள் நாள் குறிக்கப்பட்டதற்கான சீட்டு இல்லை. எக்கோ, பிபி, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். திருத்தக்கூடியது ஏதாவது கிடைத்தால் திருத்துங்கள்.

கேள்வி: மகன் வாங்கிக்கொடுத்த வாட்ச் ‘துடிப்பு ஒழுங்கில்லை’ என்று இரண்டு முறை காட்டியது. வயது 61. நம்பலாமா?

பதில்: டாக்டரைப் பார்க்கும் அளவுக்கு நம்பலாம். நீங்களாகவே மருந்து வாங்கும் அளவுக்கு வேண்டாம்.

ஆப்பிள் வாட்ச் வைத்து 2019-இல் வெளியான ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியை மாட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. மீதிப் பேருக்கு வாட்ச் தவறு என்று அர்த்தமில்லை. இந்தத் தாளம் வந்து வந்து போகும், பதிவுக் கருவி மாட்டிய நாட்களில் அது வராமல் இருந்திருக்கலாம்.

வாட்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால் தொந்தரவு வரும்போதே எடுத்துச் சேமித்து, அந்தக் கோட்டைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாட்ச் எடுப்பது ஒரே லீட். அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சைப் பார்த்து ‘ஒழுங்காகத்தான் இருக்கிறது’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: வயது 33, எந்தத் தொந்தரவும் இல்லை, குடும்பத்திலும் இதய நோய் இல்லை. வருடத்துக்கு ஒரு ஈசிஜி எடுத்துக்கொண்டால் நல்லதுதானே?

பதில்: வேண்டாம். ஆபத்து குறைந்தவர்களுக்கு, மாரடைப்பைத் தடுக்கும் நோக்கத்தில் ஈசிஜி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் சொல்லிவிட்டது. முதல் கேள்வி கேட்ட பெண்ணின் மூன்று தூக்கமில்லாத இரவுகளை நீங்களும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பிபி பாருங்கள், கொழுப்பு பாருங்கள். திடீரென மயங்கி விழுந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்தது தெரியவந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

கேள்வி: நான் பயிற்சி டாக்டர். மெஷின் எழுதியதை முதலில் பார்க்கலாமா, கடைசியில் பார்க்கலாமா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: கடைசியில். மேலே எழுதிய அந்த இரவுக்குப் பிறகு, தாளின் மேல் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்குப் பின்பக்கம் மடித்துவிட்டுத்தான் படிக்கிறேன். இன்றுவரை அப்படித்தான். மெஷின் தவறாக எழுதியதை முதலில் பார்த்தவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள் என்று பயிற்சி டாக்டர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். கண் எழுத்தைத் தேடும். கோட்டைப் படிக்க அதைப் பழக்க வேண்டும்.

வேகம், தாளம், பி அலை, இடைவெளிகள், எஸ்டி பகுதி, டி அலை என்று உங்கள் முடிவை எழுதிவிட்டு மடிப்பைப் பிரியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. முரண்பட்டால் அங்கே நில்லுங்கள். பாதி நேரம் மெஷின் சொல்வதுதான் சரியாக இருக்கும், நீங்கள் ஒரு லீடைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அப்புறம் நோயாளியிடம் திரும்பப் போய், வலி எப்படி இருந்தது என்று இன்னொரு முறை கேளுங்கள். முதல் முறை சொல்லாத ஒன்றை இரண்டாவது முறை சொல்வார்.

கேள்வி: பழைய ஈசிஜி தாள்களை வைத்திருக்க வேண்டுமா? வீட்டில் குவிகின்றன.

பதில்: வைத்திருங்கள். எல்லாம் வேண்டாம், நீங்கள் நன்றாக இருந்தபோது எடுத்த ஒன்று, மாற்றம் வந்தபோது எடுத்த ஒவ்வொன்று. சிலருக்குப் பிறவியிலேயே டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் அலை, தலைகீழாக இருக்கும். 10 வருடத்துக்கு முந்தைய தாளிலும் அப்படியே இருந்தால் ஒரு நொடியில் கவலை தீர்ந்துவிடும். பழையதில் நேராக இருந்து இன்று தலைகீழாக இருந்தால் அடுத்த நிமிடமே அட்மிட் செய்வோம். ஒற்றைத் தாளில் இந்த வித்தியாசத்தைக் காட்ட எந்த மெஷினாலும் முடியாது.

ஈசிஜி தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. வெயில் பட்டாலும், பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக் கிடந்தாலும் சில வருடத்தில் கோடு மங்கிவிடும். ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், போனில் நேராகப் படம் எடுத்து வையுங்கள், சின்னக் கட்டங்கள் தெரிய வேண்டும். ஜெராக்ஸின் பின்பக்கத்தில் தேதியையும், அன்று உங்களுக்கு என்ன தொந்தரவு இருந்தது என்பதையும் உங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.